குழந்தைகள், மாமியார், இரண்டு குதிரைகள்: பிளாட் டாப்ஸில் ஐந்து இரவுகள் தங்க முடியுமா?

2024 பிப்ரவரி 18, கேள்வி

நாங்கள் கொலராடோவில், டென்வருக்குத் தெற்கே வசிக்கிறோம். எங்களிடம் பதினான்கு வயதுப் பெண் குதிரை ஒன்றும் ஒன்பது வயதுக் காயடித்த ஆண் குதிரை ஒன்றும் இருக்கின்றன. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. ஜூலையில் என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வருகிறார். மாநிலத்தின் வடமேற்கிலுள்ள உயர்ந்த மேட்டுநிலமான பிளாட் டாப்ஸ் வனப்பகுதியில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் வீதம் சுற்றி, ஐந்து இரவுகள் ஐந்து இடங்களில் கூடாரம் அடிப்பதாக வரைபடத்தில் பாதை குறித்து வைத்திருக்கிறேன். குழந்தைகள் குதிரையில் வருவார்கள், பெரியவர்கள் மாறிமாறி நடப்போம், மூன்றாவதாக ஒரு பொதிக்குதிரையை இரவல் வாங்கிக்கொள்வோம். நன்றாகத் திட்டமிட்டால் இது முடியும் என்றே நினைக்கிறேன். எதையாவது விட்டிருந்தால் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 19

உங்கள் திட்டத்தில் பகல் முழுவதும் இருக்கிறது, இரவு இல்லை. குதிரையோடு முகாம் போகும் குடும்பம் ஒரு நாளில் நான்கைந்து மணி நேரமே சேணத்தில் இருக்கும். மீதி நேரம் முழுவதும் குதிரை ஓரிடத்தில் நிற்க வேண்டும், தின்ன வேண்டும், குடிக்க வேண்டும், உறங்க வேண்டும். அந்தப் பத்தொன்பது இருபது மணி நேரத்துக்கு வழி கண்ட பிறகுதான் வரைபடத்தில் கோடு போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பாருங்கள். குதிரை ஒரு நாளில் தன் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு உலர்தீவனம் தின்னும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 9 கிலோ. பொதிக்குதிரையையும் சேர்த்தால் மூன்றுக்கும் 27 கிலோ, ஐந்து நாளுக்கு 135 கிலோ. சவாரி செய்பவர் குதிரையின் அசைவுக்கு ஏற்ப உடலைச் சாய்த்துக் கொடுப்பார், பொதி அப்படிக் கொடுக்காது. அதனால் பொதிக்குதிரையின் மேல் 65 அல்லது 70 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. அது வேறு எதையும் தொடாமல் தீவனத்தை மட்டுமே சுமந்து வந்தாலும் மூன்றாம் நாளிலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் சுமக்கிற குதிரையும் தின்ன வேண்டும். கூடாரமும் படுக்கையும் ஐந்து பேருக்கான அரிசி பருப்பும் எதில் வரும்?

மேட்டுநிலத்தில் நல்ல புல்வெளிகள் உண்டு, உண்மைதான். ஆனால் புல்லை மட்டும் நம்பினால் குதிரை நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மைல் நடந்துவிட்டு அதற்கு நேரம் எங்கே? மேயும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். உங்கள் குடும்பத்தில் இருக்கும் பெரியவர்கள் மூவர், அதில் ஒருவர் இந்த நாட்டுக்கே புதியவர்.

நான் சொல்வது இதுதான். முதல் ஆண்டில் சாலை முடிந்து காட்டுப்பாதை தொடங்கும் இடத்திலேயே, டிரெய்லருக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில் மூன்று இரவுகள் தங்குங்கள். உலர்புல்லும் தண்ணீர்ப் பீப்பாயும் வண்டியிலேயே இருக்கும். காலையில் சவாரி போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நாங்கள் குழந்தைகள் சிறியவர்களாக இருந்த காலம் முழுவதும் இப்படித்தான் போனோம். அதில் குறைந்துபோனதாக எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை.

பிப்ரவரி 19, இரவு

மாமியாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிளாட் டாப்ஸ் மேட்டுநிலம் 3,000 மீட்டருக்கும் மேலே. கடல்மட்டத்துக்கு அருகில் வாழ்ந்தவருக்கு 2,500 மீட்டரைத் தாண்டினாலே தலைவலியும் குமட்டலும் உறக்கமின்மையும் வரக்கூடும். அவர் வந்து இறங்கியபின் குறைந்தது ஒரு வாரமாவது உங்கள் வீட்டில் இருந்து உடல் பழகிய பிறகு புறப்படுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அழைத்துப்போக வேண்டாம். தலைவலி மோசமானால் மருந்து மாத்திரையோடு அங்கேயே காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். வண்டிக்குப் பக்கத்தில் தங்கினால்தான் நள்ளிரவிலும் அதைச் செய்ய முடியும்.

பிப்ரவரி 22

இங்கே ஒரு வாசகர், சொந்தக் குதிரையை இழுத்துக்கொண்டு அலைவதைவிட அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறார். வழிகாட்டி இல்லாமல் குதிரையை மட்டும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் உங்களையும் பொருள்களையும் குதிரைகளில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, குறித்த நாளில் திரும்பி வந்து அழைத்துப்போகும் தொழில்முறையாளர்கள் இருக்கிறார்கள். குதிரை இராத்தங்காது என்பதால் நான் சொன்ன கணக்கு எதுவும் அவர்களை நம்பிப் போகிறவர்களுக்கு இல்லை. கொலராடோவில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஆட்களைக் கொண்டுபோகிறவர்கள் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வனத்துறையின் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

இருந்தாலும் கேள்வி கேட்டவருக்கு இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. சொந்தக் குதிரையோடு இரவு தங்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அந்த ஆசையை நான் நன்றாக அறிவேன்.

பிப்ரவரி 27

தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொலராடோவுக்குள்ளேயே குதிரையை 75 மைலுக்கு மேல் கொண்டுபோனால் முத்திரை ஆய்வாளரிடம், அதாவது கால்நடை யாருடையது என்று சரிபார்க்கும் மாநில அலுவலரிடம், சான்று வாங்க வேண்டும். உங்கள் பயணம் அந்தத் தூரத்தைத் தாண்டுகிறது. அடிக்கடி போகிறவர்கள் நிரந்தர அட்டையாகவே வாங்கிக்கொள்ளலாம். மாநில எல்லையைத் தாண்டுவதாக இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்த காகின்ஸ் இரத்தப் பரிசோதனையும் (குதிரைகளின் தொற்று இரத்தசோகையைக் கண்டறிவது) கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வேண்டும்.

தீவனத்துக்கும் விதி உண்டு. தேசிய வனங்களுக்குள் களைவிதை இல்லை என்று சான்றளிக்கப்பட்ட உலர்புல்லையோ உருண்டைத் தீவனத்தையோ மட்டுமே கொண்டுபோகலாம். முந்தைய உணவின் விதைகள் லத்தியில் வெளியேற நாளாகும் என்பதால் புறப்படுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே அதைத்தான் கொடுக்க வேண்டும். புதிய தீவனத்துக்கு மெல்ல மெல்ல, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுவது குதிரையின் வயிற்றுக்கும் நல்லது. ஆகவே இரண்டு காரணத்துக்கும் சேர்த்து, புறப்படும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே சான்று பெற்ற புல்லை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.

மார்ச் 5

குதிரையை இரவில் எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

மரத்தில் நேராகக் கட்டக்கூடாது. இரவு முழுவதும் குதிரை காலால் தரையைப் பறித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும், கயிறு பட்டையை அறுக்கும், அந்த மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். அதற்குப் பதிலாக இரண்டு உறுதியான மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலான உயரத்தில், ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். ஹைலைன் என்பது அதுதான். மரத்தைச் சுற்றி இரண்டு அங்குல அகலமுள்ள பட்டையைப் போட்டு அதில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். அந்தக் கயிற்றில் குதிரைக்கு ஒன்றாக, முறுக்கிக்கொள்ளாத வளையங்களை வைத்து, அவற்றிலிருந்து தலைக்கயிறுகளைத் தொங்கவிட வேண்டும். குதிரையின் மூக்கு தரையை எட்ட வேண்டும், ஆனால் முன்னங்காலைத் தூக்கிக் கயிற்றுக்கு மேல் போட முடியாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். இந்த அளவில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று உதைக்க முடியாத இடைவெளியும் வேண்டும். அவிழ்க்க ஒரு நுனியை இழுத்தால் போதும் என்கிற முடிச்சைத்தான் போட வேண்டும், அதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் இருட்டில் அவிழ்க்கப் பழகியிருக்க வேண்டும்.

இடத்தைப் பற்றி. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரங்களிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். பிளாட் டாப்ஸில் இதைக் கூடுதல் அக்கறையோடு செய்ய வேண்டும் என்று கருதுகிறேன். 1919இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற வனத்துறை ஊழியரை அங்குள்ள டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றிக் கோடை வீடுகளுக்கு மனை அளக்க அனுப்பினார்கள். அவர் போய் அளந்து வந்து, அந்தக் கரையில் வீடுகளே வரக்கூடாது என்று தம் மேலதிகாரிகளிடம் வாதாடினார். கரை இன்றும் திறந்து கிடப்பதற்கு அந்த வாதம் முதற்காரணம். அப்படிக் காத்துக் கொடுக்கப்பட்ட ஈரக்கரையைக் குளம்புகளால் சேறாக்குவது சரியில்லை. ஏரியை ஒட்டிக் கூடாரமடிக்கத் தடை உள்ள பகுதிகளும் உண்டு, போகும்முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். 1940களில் பட்டை வண்டுகள் தாக்கி அந்த மேட்டுநிலத்தின் ஸ்புரூஸ் மரங்கள் பெருமளவில் அழிந்தன. 2002இல் டிராப்பர்ஸ் ஏரிப் பக்கத்துக் காடு எரிந்தது. நின்றபடியே செத்த பட்டமரங்கள் காற்றடித்தால் முன்னறிவிப்பின்றிச் சாயும். குதிரையையும் கூடாரத்தையும் அவற்றின் உயரத்துக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

மார்ச் 6

ஒரு வாசகரின் கேள்விக்கு விடை: முன்னங்கால் தளை போட்டு மேயவிடலாம், ஆனால் பழகிய குதிரையை மட்டும், அதுவும் பகலில் மட்டும். தளையோடு நன்றாகவே ஓடக் கற்றுக்கொண்ட குதிரைகள் உண்டு. எங்கள் மல்லி அவற்றில் ஒருத்தி. முயல்போலத் தாவித் தாவிப் போவாள். அவளைப் பிடிக்க என் மகன் பின்னால் ஓடியதைப் பக்கத்து முகாமில் இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

மார்ச் 24

மார்ச் 5 குறிப்பைத் திரும்பப் படித்தேன். அதில் சொன்ன முறை ஓரிரவுக்குச் சரி; நீங்கள் கேட்பது பல இரவுகள். இதைப் பற்றி இன்னும் யோசித்தேன்.

குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதிக்கு அது தரையில் படுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும் என்றாலும் அந்த அரை மணி நேரம் வேண்டும். தலைக்கயிறு குட்டையாக இருந்தால் படுக்க முடியாது. கயிற்றை நீளமாக விட்டால் காலில் சிக்கும். ஓரிரு இரவுகள் படுக்காமல் இருந்தால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் தொடர்ந்தால் பகலில் நிற்கும்போதே முன்னங்கால் மடங்கித் தள்ளாடுவதைப் பார்க்கலாம். அந்தக் குதிரையின் மேல் ஏழு வயதுக் குழந்தையை நான் ஏற்ற மாட்டேன்.

ஆகவே மூன்று இரவுத் திட்டத்துக்கு என் முதல் தேர்வு இப்போது ஹைலைன் இல்லை. குதிரை முகாம்களுக்கென்றே மரவேலி அடைப்புகள் கட்டிவைத்த இடங்கள் பல மாநிலங்களில் உண்டு. தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவில் பிரெஞ்சு கிரீக் குதிரை முகாம் அப்படிப்பட்டது. அப்படி ஓரிடம் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால், மின்கலத்தில் இயங்கும் சிறிய மின்வேலியை எடுத்துப்போய் அடைப்புப் போடலாம். ஆனால் மின்வேலி என்பது குதிரை மனத்தில் இருக்கும் வேலிதான். மான் கூட்டமோ இடியோ மிரட்டினால் அந்த நாடாவை அறுத்துக்கொண்டு ஓட அதற்கு ஒரு நொடி போதும். வீட்டில் பல வாரம் அதற்குள் நின்று பழகிய குதிரைக்கு மட்டுமே அது பொருந்தும். நாங்கள் செய்வது என்னவென்றால், மாலையில் நாங்கள் விழித்திருக்கும் நேரமும் விடியலும் மின்வேலிக்குள் விடுவோம், நள்ளிரவு நேரத்துக்கு மட்டும் ஹைலைனுக்கு மாற்றுவோம். மல்லி விடியற்காலையில் மின்வேலிக்குள் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகப் படுத்துவிடுவாள். அவள் படுத்துக் கிடக்கும்போது யாரும் சத்தம் போடக்கூடாது என்பது எங்கள் முகாமில் குழந்தைகள் தாங்களே போட்டுக்கொண்ட விதி.

எந்த முறையானாலும் ஏப்ரலிலேயே வீட்டு முற்றத்தில் பழக்கத் தொடங்குங்கள். முதல் இரவைக் காட்டில் பழக்கக்கூடாது.

ஏப்ரல் 14

தண்ணீர். குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் அதற்கும் மேல். ஓடை பக்கத்தில் இருப்பது போதாது, அந்த ஓடைத் தண்ணீரை அது குடிக்கவும் வேண்டும். சுவையோ வாசமோ மாறினால் சில குதிரைகள் வாய் வைக்காது. தண்ணீர் குறைந்தால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி உயிரை எடுக்கும் நோய். இதற்கு எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட வழி எளியது: வீட்டிலேயே ஒரு வாரம் தண்ணீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து கொடுங்கள், முகாமிலும் அதையே கலந்தால் இரண்டும் ஒரே தண்ணீராகத் தோன்றும். உப்புக்கட்டி ஒன்றும் எடுத்துப்போங்கள்.

வயிற்றுவலியின் அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தீவனத்தைத் தொடாமல் நிற்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பறிப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, திரும்பத் திரும்பப் படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது. நலமாக இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை நாடித்துடிப்பு இருக்கும். ஓய்வில் நிற்கும்போதே அது 60ஐத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரை அழையுங்கள். உங்கள் இரண்டு குதிரைகளின் வழக்கமான துடிப்பையும் வெப்பநிலையையும் வீட்டிலேயே அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வலிமருந்தான ஃப்ளூனிக்ஸினை வாய்வழிக் களிம்பாக, கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் வைத்திருங்கள். அதைத் தசையில் ஊசியாகப் போட்டால் அந்த இடத்தில் கடுமையான கிருமித்தொற்று வர வாய்ப்புண்டு.

ஏப்ரல் 15

தீவனப் பேச்சில் என் மாமியார் நினைவுக்கு வந்தார். எங்களோடு முதன்முறை வந்தபோது உருண்டைத் தீவனத்தைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "கொள்ளு கொடுக்காமல் இது எப்படிம்மா மலை ஏறும்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது அவர்கள் தெருவில் ஜட்கா வண்டிகள் ஓடின, வண்டிக்காரர் கொள்ளு ஊறவைத்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அடுத்த நாள் காலை அவர்தான் மல்லிக்குத் தண்ணீர் காட்டினார். உங்கள் மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள். முகாமில் பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மரியாதை செய்வதைவிட, குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பைக் கொடுப்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் குதிரையின் பின்பக்கமாக நடக்கக்கூடாது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

மே 2

குழந்தைகள். தலைக்கவசம் குதிரைச் சவாரிக்கென்றே சான்று பெற்றதாக, ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற தரக்குறி உள்ளதாக இருக்க வேண்டும். மிதிவண்டித் தலைக்கவசம் உதவாது, மோதும் உயரமும் விதமும் வேறு. குதிகால் உயர்ந்த காலணி போட்டால் பாதம் அங்கவடிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளாது. குழந்தையைச் சேணத்தோடு எதனாலும் கட்டக்கூடாது. தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். குதிரை திடீரென்று இழுத்தால் சுற்றிய கயிறு விரலை அறுத்துக்கொண்டு போய்விடும். இந்த ஒன்றை மட்டும் நான் என் பிள்ளைகளிடம் கெஞ்சிச் சொல்லியிருக்கிறேன், அதட்டியும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு குதிரைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒன்றை மட்டும் சவாரிக்குக் கொண்டுபோனால் முகாமில் நிற்பது கத்திக் கதறும், கட்டை அறுக்கப் பார்க்கும். சவாரிக்குப் போன குதிரையும் திரும்பித் திரும்பி முகாமையே பார்க்கும். ஆகவே இரண்டும் சேர்ந்தே போகட்டும், சேர்ந்தே நிற்கட்டும். ஒரு குதிரையில் நீங்கள், மற்றதில் ஒரு குழந்தை, அதன் தலைக்கயிறு உங்கள் கையில். மறுநாள் மற்றக் குழந்தை. ஏழு வயதுக்காரனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்த குழந்தை சேணத்தில் ஒருபக்கமாகச் சரியும், குதிரையின் முதுகில் அந்தப் பக்கம் புண்ணாகும்.

பெரியவர்களின் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 450 கிலோக் குதிரைக்கு அது 90 கிலோ, மேற்கத்தியச் சேணம் மட்டுமே 15 கிலோவுக்கு மேல் வரும்.

மே 3

நேற்று எழுதியதைப் படித்த என் மகள் (இப்போது கல்லூரியில் படிக்கிறாள்) ஒன்று சேர்க்கச் சொன்னாள். குழந்தைகளுக்குச் சவாரியைவிட முகாம் வேலைதான் நினைவில் நிற்கும் என்கிறாள். லத்தியை அள்ளிச் சிதறடிப்பது, காலையில் குளம்பில் கல் எடுப்பது, தண்ணீர் வாளி கழுவுவது. "குதிரை என்னைவிட அதிகம் சாப்பிடும், ஆனால் பாத்திரம் கழுவாது" என்று எட்டு வயதில் அவள் புகார் சொன்னது எங்கள் வீட்டில் இன்றும் வழங்குகிறது.

மே 30

சமையல். 3,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 90 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழையாது, எரிவாயுதான் தீரும். சிறிய குக்கர் ஒன்றை எடுத்துப்போங்கள். வண்டிக்குப் பக்கத்தில் தங்குவதால் எடை பொருட்டில்லை. முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே போதும், ஏனென்றால் அன்று மாலை முழுவதும் குதிரைகளுக்கே போய்விடும். விறகடுப்பை நம்ப வேண்டாம். வறண்ட கோடையில் தீக்கட்டுப்பாடு இரண்டாம் நிலைக்குப் போனால் நெருப்பு மூட்டவே முடியாது. அணைக்கும் திருகு உள்ள எரிவாயு அடுப்பு பொதுவாக அனுமதிக்கப்படும்.

கரடிக்காக உணவை மட்டுமன்றி, குதிரையின் உருண்டைத் தீவனத்தையும் தானியத்தையும் பற்பசையையும் இரவில் வண்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். கொலராடோவில் இருப்பவை கருங்கரடிகள் மட்டுமே; கடைசியாக அறியப்பட்ட கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக்கரடி 1979இல் சான் ஹுவான் மலைகளில் கொல்லப்பட்டது. ஆனால் தீவனச் சாக்கின் சுவை கண்ட கருங்கரடி அந்த முகாமுக்குத் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதன் உயிர்தான் போகும்.

ஜூன் 12

ஐந்து இரவைக் கைவிட்டு, ஒரே இடத்தில் மூன்று இரவு என்று முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. முற்றத்தில் ஆண் குதிரை மின்வேலியை மதிக்கிறது, பெண் குதிரை மதிக்கவில்லை என்றால் பெண் குதிரைக்கு ஹைலைன்தான். முகாமில் இரவுகளுக்கு நடுவே, பகலில் நீங்கள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதை மணற்பாங்கான இடத்தில் நிற்க வையுங்கள், நம்பிக்கை வந்தால் படுக்கும்.

தேதி பற்றி. ஜூலைத் தொடக்கத்தில் மேட்டுப்பாதைகளில் பனி கிடக்கக்கூடும், கொசுவும் மிகுதி. மாதக் கடைசி நல்லது, ஆனால் அப்போது பிற்பகல் இடிமழை ஏறத்தாழ நாள்தோறும் வரும். மேட்டுநிலத்தின் திறந்த வெளிகளில் ஒதுங்க இடம் இருக்காது. காலை ஏழு மணிக்குள் சேணம் ஏறி, நண்பகலுக்குள் கீழே வந்துவிடுங்கள். வழியில் இடி பிடித்தால் இறங்கித் தாழ்வான இடத்துக்குப் போய், குதிரையிலிருந்தும் தனிமரத்திலிருந்தும் விலகி நில்லுங்கள். டெவில்ஸ் காஸ்வே என்ற ஒடுங்கிய பாறைமுகட்டைப் படத்தில் பார்த்துக் கேட்டிருந்தீர்கள். சில அடி அகலம், இருபுறமும் சரிவு. அது மனிதக் கால்களுக்கான இடம், குதிரையோடு அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

ஜூலை 9

வண்டி. இரண்டு குதிரைகளும் டிரெய்லரும் புல்லும் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டரை டன்னைத் தாண்டும். உங்கள் வண்டியின் இழுவைத் திறனை விளம்பரத்தில் பார்க்காமல் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலும் கையேட்டிலும் பாருங்கள். டிரெய்லரின் டயர்கள் தேயாமலே பழையதாகிவிடும். ஐந்தாறு ஆண்டு ஆனவற்றை மாற்றிவிடுங்கள், உபரி டயரின் காற்றையும் பாருங்கள். தரைப்பலகையைக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்து, கத்திமுனையால் குத்திச் சோதியுங்கள். கணவாயிலிருந்து இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் இறக்க வேண்டாம்.

லாடக்காரரைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக வரச் சொல்லுங்கள், புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் வேண்டாம். ஆணி தவறான இடத்தில் இறங்கியிருந்தால் அது தெரிய ஓரிரு நாள் ஆகும். லாடம் கழன்றால் போட்டுவிட இரப்பர்க் குளம்புறை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜூலை 16

போய்ச் சேர்ந்ததும் எதை முதலில் செய்வது என்று கேட்டீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் சேர்ந்துவிடுங்கள், இருட்டில் புதிய இடத்தில் குதிரையை இறக்குவது இருவருக்கும் கெடுதல். முதலில் குதிரைகளை இறக்கி டிரெய்லரில் கட்டி, தண்ணீரும் புல்லும் வையுங்கள். மாமியார் அவற்றின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரட்டும். நீங்களும் மனைவியும் ஹைலைனையும் வேலியையும் போடுங்கள். பின்பு குதிரைகளைக் கையில் பிடித்து முகாமைச் சுற்றி நடத்திக் காட்டுங்கள், ஓடை எங்கே, கூடாரம் எங்கே என்று அவையும் பார்த்துக்கொள்ளட்டும். அதன் பிறகு கூடாரம், அதன் பிறகு சாப்பாடு. குழந்தைகளுக்குப் பசிக்கும் என்பதால் கையில் முறுக்குப் பொட்டலம் இருக்கட்டும்.

அங்கே கைப்பேசிக்கு அலை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் செய்தி அனுப்பும் கருவியை எடுத்துப்போங்கள், அருகிலுள்ள பெருவிலங்கு மருத்துவரின் எண்ணை அதிலேயே பதிந்துவையுங்கள். எந்தப் பாதைத் தொடக்கத்தில் நிறுத்துகிறீர்கள், டிரெய்லரின் எண் என்ன, எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குள் செய்தி வராவிட்டால் எந்தக் கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.